நீலத்தில் இருக்கும் வீடு

1

இன்று காலை அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீடு. முன்சுவரில் வெடிப்பு அப்படியே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேற்றில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. குசினிப் பக்கம் பப்பாளி மரம் ஒன்று தானாக முளைத்து, பறிக்க ஆளில்லாமல் காய்த்துத் தொங்குகிறது. படத்துக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஒரு வருஷம் ஆச்சு. வீடு நிக்குது."

வீடு நிற்பது நல்ல செய்தி. நல்ல செய்தி வந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன், கோப்பையைக் கழுவி வைத்தேன், வேலைக்குப் போனேன்.

இலங்கையில் இருக்கிற உங்களில் பலருக்கு நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று சரியாகத் தெரியாது. "பிளேன்ல போயி மலையோட வயித்துக்குள்ள படம் புடிக்கிறானாம்" என்று கண்டி டவுனில் பெரியப்பா மகன் தன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதாகக் கேள்வி. அது முழுத் தப்பும் இல்லை, முழுச் சரியும் இல்லை. அந்தப் பாதிச் சரிதான் எங்கள் வீட்டில் இவ்வளவு வேலையும் பார்த்தது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் இருப்பது நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஓர் எரிமலைக்குக் கீழே உள்ள சின்ன டவுனில். உச்சியில் பனி, அடிவாரத்தில் ஆடுகள். படத்தில் பார்த்தால் அடுத்த கலண்டருக்கு எடுத்தது போலிருக்கும். இந்த மலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஒரு குழுவில் எனக்கு வேலை.

தோண்டிப் பார்ப்பதில்லை. ஹெலிகொப்டரில் நீளமான கயிறு கட்டி, அதன் நுனியில் காந்தத்தை அளக்கும் கருவியைத் தொங்கவிட்டு, மலையைச் சுற்றிப் பறக்கிறார்கள். சட்டைக்கு அயன் பண்ணுவது போல இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அங்கிருந்து திரும்ப இங்கே, விட்ட இடம் இல்லாமல். எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது அதில் உள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு எத்தனை காலம் ஆனாலும் விடுவதில்லை. ஆனால் மலைக்குள்ளே கொதிநீரும் அமில ஆவியும் ஓடும் இடங்களில் கல் மெல்ல மெல்ல வெந்து களிமண்ணாகிவிடும். அந்த இரும்பு கரைந்து போகும், காந்தமும் போய்விடும். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது, அதே பாறை, அதே பாசி. மேலே பறக்கும் கருவிக்கு மட்டும் தெரியும்.

அப்படிப்பட்ட மலை இடிய வேண்டுமானால் வெடிக்க வேண்டும் என்று இல்லை. ஒரு நல்ல மழை போதும். அதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நான் பெரும்பாலும் பறப்பதில்லை. பூமியின் காந்தம் பகலில் சூரியனுக்கு ஏற்ப மேலே கீழே ஆடும். அந்த ஆட்டத்தைக் கழிக்க ஒரு கருவி தரையிலும் இருக்க வேண்டும், அதற்கு ஒரு காவலும் வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது. வாகனத்தை எட்டத்தில் விட்டு, பெல்ட்டைக் கழற்றி, சாவியையும் போனையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டு வந்து புல்லில் உட்கார வேண்டும். ஆட்டு மந்தையைத் தவிர யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். எனக்குப் பிடித்த வேலை.

பறந்து முடிந்ததும் கணக்குப் போட்டு வரைபடம் செய்கிறோம். காந்தம் கூடிய இடம் சிவப்பு, அதாவது உறுதியான கல். காந்தம் இல்லாத இடம் நீலம், அதாவது வெந்து போனது. எங்கள் தொழிலில் கூட என்றால் சிவப்பு, குறைவு என்றால் நீலம். இது வெறும் பழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை.

இதையெல்லாம் ஒருநாள் என் மனைவியிடம் விளக்கினேன். அவள் யாழ்ப்பாணம். கேட்டு முடித்துவிட்டு, "ஓம், விளங்குது. உங்களைப் போல ஒரு மலை. வெளியால பார்த்தா நல்ல கல்லு, உள்ளுக்க களி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆகவே இந்த ஒப்புமையை நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்து எனக்கு எழுத வேண்டாம், வீட்டிலேயே முடிந்துவிட்டது.

3

பறப்பதற்கு முன் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான மாவோரிப் பெரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர்களுக்கு அந்த மலை ஒரு முன்னோர். முன்னோரின் தலைக்கு மேல் பறக்காதீர்கள், பக்கமாகப் போங்கள் என்றார்கள். சரி என்றோம். ஒரு மூதாட்டி சின்னதாக ஒரு வழிபாடு செய்தார். எனக்கு வார்த்தை விளங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலை மட்டும் பழகியதாக இருந்தது.

இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தங்களை அறிமுகப்படுத்த ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். பெயர் கடைசியில்தான். முதலில் என் மலை இது, என் ஆறு இது என்று சொல்ல வேண்டும். என் மகள் அபி அதற்கு எழுதிக்கொண்டு போனாள். பார்த்தேன். மலை என்று இந்த எரிமலையைப் போட்டிருந்தாள்.

"ஹந்தானன்னு நம்ம கண்டி மலையப் போட்டிருக்கலாமே" என்றேன்.

"அப்பா, நான் அத ரெண்டு தரம்தான் பாத்திருக்கேன்" என்றாள். "அதுவும் மழை. தெரியல்ல."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆறு என்ற இடத்திலாவது மகாவலியைப் போடச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு, கெஞ்சிக் கேட்டு வாங்கி என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். அவள் தமிழ் பாதி அம்மாவுடையது, பாதி என்னுடையது. போனில் என் அம்மாவுடன் பேசும்போது, "பாட்டி, ஓம், நல்லா இருக்கேங்க" என்பாள். என் அம்மா அதை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் பிறந்தநாளுக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

4

அம்மா ரெங்கம்மா பிறந்தது ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். லயத்தில் பிறந்தவர்களுக்குக் காம்பரா என்று ஓர் அறை இருக்கும், வாசல் இருக்கும், வாசலில் ஒரு கத்தரிச் செடி கூட இருக்கும். எதுவும் சொந்தம் இல்லை. வேலை நின்றால் வாசலும் போகும். அப்பா டவுனில் பிறந்தவர், ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. இலங்கையில் பிறந்தும் நாடில்லாதவராக வெகுகாலம் இருந்து, கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது. "நாடு கைக்கு வந்திருச்சு. இனி காலுக்குக் கீழ கொஞ்சம் மண்ணு வேணும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மண்தான் அம்பிட்டியவில் வாங்கிய காணி. சரிவு. யாரும் வாங்காத சரிவு என்பதால்தான் எங்களுக்குக் கிடைத்தது. மலையைக் கொஞ்சம் வெட்டி, பின்னால் கருங்கல் அணைகட்டி, முன்னால் மூன்று அறை எழுப்பினார்கள். காணியின் உறுதிப் பத்திரம் வந்த அன்று அம்மா அதை அலுமாரியில் வைக்கவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். இன்று வரை அதற்கு அங்கேதான் இடம்.

அப்பா அந்த வீட்டில்தான் இறந்தார். போயிருந்தேன். கொள்ளி அண்ணன் வைத்தார், நான் பக்கத்தில் நின்றேன். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று விமானத்திலும் பார்த்தேன், இங்கே வந்தும் பார்த்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அண்ணன் சேகர் கண்டிக்கு அப்பால் கலகெதரயில் ஒரு மின்சாமான் கடை வைத்திருக்கிறார். குடும்பமும் அங்கேயே. அம்மா அம்பிட்டியவில் தனியாக இருந்தார். "எனக்கென்னா தனி? கீழ வீட்டுல சுமனா இருக்கா" என்பார். சுமனா அக்கா சிங்களம், கணவர் வேன் ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். அம்மாவின் சிங்களமும் சுமனா அக்காவின் தமிழும் சேர்த்து ஒரு முழு மொழி. வேலிக்கு மேலாகக் கறிக்கிண்ணம் போய் வரும்.

5

போன வருடம் மழைக்கு முன் வீட்டுக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு கண்டார்கள். வீட்டுச் சுவரிலும் ஒன்று. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், அந்த ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேற்றுக்குக் கேற்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே விடியக்காலை. அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, கேட்டுல செவப்பா ஒட்டிட்டுப் போயிருக்காங்க."

"என்ன எழுதியிருக்கும்மா?"

"மண்சரிவு அபாயமாம், வெளியேறணுமாம். ஒரு மேப்பையும் காட்டினாங்க, நம்ம லைன் பூரா செவப்பு. வெளியேறி எங்க போறதாம், திரும்ப லயத்துக்கா?"

"அண்ணன் வீட்டுக்குப் போங்க."

"இது என் வீடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதே வாரக் கடைசியில்தான் எங்கள் வரைபடம் முடிந்தது. வெகுநாள் உழைப்பு. அழகாகவும் வந்திருந்தது. வீட்டில் யாருக்காவது காட்ட வேண்டும் என்று ஆசை. குடும்பக் குரூப்பில் போட்டேன், கீழே ஒரு வரியும் எழுதினேன்: "மலையோட உள்பக்கம் இப்படித்தான் இருக்கு." எந்த மலை என்று எழுதவில்லை. நான் வேலை செய்வது ஒரே மலையில்தானே, எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அம்மாவுக்கும் மலை ஒன்றுதான்.

சில நாளில் அண்ணன் போன். "டேய் ரவி, என்னத்தடா அனுப்பித் தொலைச்ச?"

நடந்தது இது. அம்மா போனைத் தூக்கிக்கொண்டு சந்தியில் உள்ள கொமினிகேஷன் கடைக்குப் போயிருக்கிறார். படத்தைக் கலரில் அடித்து, லமினேட் பண்ணி வாங்கியிருக்கிறார். எரிமலை வாயின் விளிம்பு படத்தில் ஒரு வளைந்த கோடாகத் தெரியும். அதை எங்கள் வீட்டுக்குக் கீழே வளையும் ரோடு என்று பிடித்துவிட்டார். வளைவுக்குச் சற்று மேலே, வீடு இருக்க வேண்டிய இடத்தில், தன் நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினார். பிறகு கிராம சேவகர் வந்தபோது அதை எடுத்து நீட்டினார்.

"என்ன சொல்லுச்சு தெரியுமா?" என்றார் அண்ணன். "'ஓங்க மேப்பு ரோட்டுல நின்னு எழுதினது மாத்தயா. இது என் மகன் பிளேன்ல இருந்து எடுத்தது. எங்க வீடு நீலத்துல இருக்கு, பாத்துக்குங்க'ன்னு. அந்த மனுசன் பாவம், படத்தப் பாக்குறாரு, அம்மாவப் பாக்குறாரு. இப்ப சுமனாவும் போக மாட்டேங்குறா. ரவி மல்லி, ஒங்க தம்பி, பாத்திருக்காருல்லன்னு கேக்குறா."

"அது இங்க உள்ள மலைன்னு சொல்லலியாண்ணே?"

"சொல்லாம இருப்பேனா? நான் வீட்ட விக்கப் பாக்குறேன்னு அம்மா நெனைக்குது. நீயே சொல்லு."

சொன்னேன். ஒன்றும் மறைக்காமல் முழுவதும் சொன்னேன். அது நியூசிலாந்து மலை, எரிமலை, கண்டி மலையில் இந்தக் கருவி ஒன்றும் சொல்லாது, அங்கே பிரச்சினை பாறையில் இல்லை, பாறைக்கு மேலே உள்ள மண்ணிலும் அதில் இறங்கும் தண்ணியிலும்தான், அதை அந்த அதிகாரிகள்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்க அண்ணன் சொல்லிக் குடுத்தானா?" என்றார்.

"இல்லம்மா."

"பெத்தவளுக்குப் புள்ள கொரல் வெளங்காதா? நீ மனசாரப் பேசல. அன்னைக்கி நீயா அனுப்பினப்போ சந்தோசமா அனுப்புன. அதுதான் நெசம்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே கவனமாகச் சொன்னது அதுதான். அது எடுபடவில்லை.

6

பெரிய மழை வருகிறது என்று வானிலைச் செய்தி சொன்னது. அண்ணன் கலகெதரயிலிருந்து அம்பிட்டியவுக்கு ஓடினார், அம்மா அசையவில்லை. அங்கிருந்தபடியே அண்ணன் எனக்கு லமினேட் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். "பாரு, இதோட சண்டை போட என்னால முடியாது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெரூன் நிறப் பொட்டு. அதற்குக் கீழே என் நீலம். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் கவனித்தேன். அம்மா பொட்டு வைத்திருந்தது சும்மா ஒரு நீலத்தில் இல்லை. மலையின் கிழக்குச் சரிவில் உள்ளதிலேயே கடும் நீலத்தில். இந்த மலை இடிந்தால் முதலில் இதுதான் இறங்கும் என்று நாங்கள் அறிக்கையில் எழுதியிருந்த இடம்.

பயம் வந்ததா என்று கேட்டால், இல்லை. போனை எடுத்தேன்.

"அம்மா, பொட்டு வச்சிருக்கிங்களே, அந்த எடம் என்ன நெறம்?"

"நீலம். நல்ல கடும் நீலம்" என்றார். பெருமையாகச் சொன்னார்.

"எங்க படத்துல நீலம் நல்லதில்லம்மா. செவப்புதான் கல்லு. நீலம்னா உள்ள வெந்து களிமண்ணாப் போயிருச்சுன்னு அர்த்தம். மழத்தண்ணி எறங்கினா நிக்காது."

அதில் ஒரு சொல் பொய் இல்லை.

தகரத்தில் மழை விழ ஆரம்பித்த சத்தம் போனில் கேட்டது. பின்னால் அண்ணன் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி ஏன் சொல்லல?" என்றார் அம்மா.

"நீங்க கேக்கலம்மா."

பிறகு கேட்டார், மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல. "தம்பி, இது நம்ம மலைதானே?"

அறிக்கையில் 'இருக்கலாம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இருக்கிறது' என்று எழுதியதற்காகக் குழுவில் இளையவர்களிடம் நான் கோபித்திருக்கிறேன். அபியிடம் ஒரு வாரத்துக்கு முன்தான், ஹந்தானைதான் நம்ம மலை என்று போடச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "நம்ம மலைதான்."

"சரி" என்றார். "நீ பாத்திருந்தா சரி."

அன்று மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டார். சாமான் ஏற்ற அலவத்துகொடயிலிருந்து நவாஸ் நானா லொறி கொண்டுவந்தார். அண்ணனின் கடைக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அன்றைக்கு அந்த ரோட்டில் வேறு யாரும் வண்டி எடுத்திருக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒங்கட உம்மா அலுமாரியக் கேக்கல்ல, கட்டிலக் கேக்கல்ல. சாமிப் படத்தையும் அந்த பிளாஸ்டிக் படத்தையும் மடியில வெச்சிக்கிட்டு முன்னுக்கு ஏறி இருந்திட்டா. திரும்பியும் பாக்கல்ல." ஏறுவதற்கு முன் அம்மா ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய், நீலத்தின் அர்த்தத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார். சுமனா அக்காவும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தன் தங்கச்சி வீட்டுக்குப் போனார்.

மழை பெய்தது. பல இடங்களில் மண் இறங்கியது. கலகெதர ரோட்டிலும் மண் விழுந்து பஸ் ஓடவில்லை. அம்பிட்டியவில் எங்கள் மலை அசையவே இல்லை.

7

மழை விட்ட பிறகு ஒழுங்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். திரும்பக் கூடாது என்றுதான் அதிகாரிகள் இன்றும் சொல்கிறார்கள். வேறு காணி தருகிறோம் என்றார்கள். அது எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. "ஒட்டுறதுக்கு ஆள் வரும், பிக்கிறதுக்கு வராது" என்கிறார் அண்ணன். சுமனா அக்கா வந்துவிட்டார். போக இடமில்லை என்றால் எவ்வளவு நாள் தங்கச்சி வீட்டில் இருப்பது?

அம்மா மட்டும் போகவில்லை. மகன் பார்த்திருக்கிறான். கலகெதரயில் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கடையின் சுவர். அவருக்கு உட்கார ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள். கடையில் விற்கும் ரேடியோ ஒன்று பக்கத்தில் இருக்கிறது, மழைச் செய்திக்கு மட்டும் போடுவார்.

நடுவில் அவரை இங்கே கொஞ்ச நாளுக்குக் கூப்பிட நினைத்தேன். விசாவுக்கு நிறையக் கேட்டார்கள். எல்லாவற்றிலும் முக்கியம், திரும்பிப் போவதற்கு அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். சொந்த வீடு இருக்கிறது என்று எழுதி, காணி உறுதியின் பிரதியை வைத்தேன். நிற்காது என்று நானே சொன்ன வீடு. கையெழுத்துப் போடும்போது சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவர் திரும்பிப் போவார் என்று தங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று பதில் வந்தது. அதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு பாத்தியா, வீடு இருக்காதுன்னு" என்றார்.

என் மனைவி சொல்கிறாள், உண்மையைச் சொல்லிவிடுங்கோ என்று. "உங்கட அம்மாதானே. கோபிச்சாலும் உங்களோடதானே கோபிப்பா." சொல்லலாம். சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறி அந்த வெடிப்புக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுவார். மலை எப்போதாவது இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அது எனக்குத் தெரியாது. மலைக்குள் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன், இந்த ஒரு மலை எனக்குத் தெரியாது. பொய் சொன்னதற்கு மனது உறுத்துகிறதா என்று தேடிப் பார்த்தேன். உறுத்தவில்லை. நாளைக்கும் அதையே சொல்வேன். கஷ்டம் என்னவென்றால், அதுவும் உறுத்தவில்லை.

இன்று தரையில் காவல். மலையின் மேற்குப் பக்கம் விட்டுப்போன சில கோடுகளை இப்போது பறக்கிறார்கள். பெல்ட்டையும் போனையும் வாகனத்தில் வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். ஹெலிகொப்டர் கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்ப் போய் வந்தது. பிற்பகல் தேத்தண்ணி நேரத்தில் வாகனத்துக்கு நடந்து போய் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணன் படம் அனுப்பினாரும்மா."

"ம். நானும் பாத்தேன். பப்பாளி காச்சிருக்கு. சுமனாவப் பறிச்சுக்கச் சொல்லியிருக்கேன்."

"சாப்பிட்டீங்களா?"

"அது கெடக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். கடையில் அண்ணன் இருந்திருக்க வேண்டும். "போன கெழம சுமனா வந்தா. சிரிக்கிறா. 'அம்மே, மலை இன்னும் இருக்குதானே' அப்படீங்குறா. வெளையாட்டுக்குத்தான். ஆனா ஒழுங்கையில எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்களாம், ரெங்கம்மா மகன் சொன்னது பொய்யாப் போச்சுன்னு."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத தம்பி. அது விழுகும். நீ பாத்தது தப்பாகாது. நெதமும் சாமிகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வீடு போனாப் போகட்டும், என் புள்ள வாக்கு நிக்கணும்னு."

"அம்மா..."

"சுமனாவும் புள்ளைங்களும் டவுனுக்குப் போயிருக்குற நேரமாப் பாத்து விழணும்னு கேட்டிருக்கேன். அந்தப் புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்கு முன்ன."

"சரிம்மா" என்றேன். வாகனத்தில் போனை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கருவிக்குத் திரும்பி நடந்தேன்.